ஃபார் லாப்

ஃபார் லாப் (1926 அக்டோபர் 4 – 1932 ஏப்ரல் 5) ஆஸ்திரேலியக் குதிரைப் பந்தய வரலாற்றில் மிகவும் புகழ்பெற்ற பந்தயக் குதிரையாகும். இது நியூசிலாந்தில் பிறந்து, ஆஸ்திரேலியாவில் பயிற்சி பெற்று, ஐக்கிய அமெரிக்காவில் இறந்தது. ஓடிய 51 பந்தயங்களில் 37 பந்தயங்களை வென்றது. இவற்றுள் 1930 ஆம் ஆண்டின் மெல்பேர்ண் கிண்ணம் முதன்மையானது. பொருளாதாரப் பெருமந்தத்தால் வேலையிழந்து வாடிய ஆஸ்திரேலிய மக்களுக்கு இக்குதிரையின் வெற்றிகள் பெரும் ஆறுதலாக இருந்தன. ஐந்தரை வயதில் நேர்ந்த இதன் திடீர் மரணம் பல ஆண்டுகள் சர்ச்சைக்குரியதாக இருந்துவந்தது.

பிறப்பும் விற்பனையும்

ஃபார் லாப் நியூசிலாந்தின் தெற்குத் தீவில், திமாரு நகருக்கு அருகிலுள்ள சீடவுன் என்னும் இடத்தில் பிறந்தது. தந்தை நைட் ரெய்டு, தாய் என்ட்ரீட்டி. சிட்னியில் வசித்த ஹாரி டெல்ஃபோர்டு என்ற பயிற்சியாளர், ஏல விற்பனைப் பட்டியலில் இக்குட்டியின் வம்சாவளியைப் படித்து, அது சிறந்த ஓட்டக்குதிரையாக வரும் என நம்பினார். ஆனால் அவரிடம் பணம் இல்லை. எனவே டேவிட் டேவிஸ் என்ற அமெரிக்க வணிகரை வாங்கச் சம்மதிக்க வைத்தார். 1928 சனவரியில் வெலிங்டனுக்கு அருகிலுள்ள டிரெந்தாமில் நடந்த ஏலத்தில், நியூசிலாந்தில் வசித்த டெல்ஃபோர்டின் சகோதரர் 160 கினி விலைக்கு அதனை வாங்கி அனுப்பினார்.

கப்பலில் வந்திறங்கிய குட்டியைக் கண்ட டேவிஸ் ஏமாற்றமடைந்தார். முகமெங்கும் பருக்கள், மெலிந்து நீண்ட கால்கள், தடுமாறும் நடை. பயிற்சிக்குப் பணம் தர மறுத்துவிட்டார். டெல்ஃபோர்டு தன் கணிப்பைக் கைவிடாமல், குதிரையை மூன்றாண்டுக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டார். செலவு முழுவதும் அவருடையது. பரிசுத் தொகையில் மூன்றில் இரண்டு பங்கு அவருக்கும் ஒரு பங்கு டேவிசுக்கும் என்பது ஒப்பந்தம். குதிரை பந்தயத்தில் மட்டும் கவனம் செலுத்த வேண்டும் என்பதற்காக டெல்ஃபோர்டு அதற்குக் காயடித்தார். இதனால் பிற்காலத்தில் அதன் வாரிசு என ஒரு குட்டிகூட இல்லாமல் போனது.

மின்னலைக் குறிக்கும் தாய்லாந்து மொழிச் சொல்லிலிருந்து இதன் பெயர் வந்தது. லாயத்தில் இதன் செல்லப்பெயர் பாபி. டாமி உட்காக் என்னும் இளைஞர் இதனைப் பராமரித்தார். இருவரும் பிரிக்க முடியாதவாறு பழகினர்.

பந்தய வாழ்க்கை

தொடக்கம் நம்பிக்கை தருவதாக இல்லை. 1929 பெப்ரவரியில் ஓடிய முதற் பந்தயத்தில் கடைசியாக வந்தது. ஏப்ரல் 27 அன்று சிட்னியின் ரோசில் மைதானத்தில்தான் முதல் வெற்றி கிடைத்தது. அவ்வாண்டின் பிற்பகுதியில் நிலைமை முற்றிலும் மாறியது. ரேண்ட்விக் மைதானத்தில் ஏ.ஜே.சி. டெர்பியையும், மெல்பேர்ணில் விக்டோரியா டெர்பியையும் வென்றது. அதே ஆண்டு மெல்பேர்ண் கிண்ணத்தில் மூன்றாவதாக வந்தது. 1930 இல் வி.ஆர்.சி. செயின்ட் லெஜர் பந்தயத்தில் தொடங்கி, தன் கடைசிப் பந்தயம் வரை ஓடிய 35 பந்தயங்களில் 32 ஐ வென்றது. இதில் தொடர்ச்சியாக 14 வெற்றிகளும் அடங்கும்.

1861 முதல் நடைபெற்றுவரும் மெல்பேர்ண் கிண்ணம், ஃப்ளெமிங்டன் மைதானத்தில் நவம்பர் மாத முதல் செவ்வாய்க்கிழமை ஓடப்படுவது. அக்காலத்தில் தொலைவு இரண்டு மைல். திறமை மிகுந்த குதிரைக்குக் கூடுதல் எடையும், குறைந்த குதிரைக்குக் குறைவான எடையும் விதித்து, எல்லாக் குதிரைகளுக்கும் வாய்ப்பைச் சமப்படுத்துவது இப்பந்தயத்தின் விதியாகும். எடை என்பது ஜாக்கி, சேணம், அதில் வைக்கப்படும் ஈயக் கட்டிகள் ஆகியவை சேர்ந்தது. எனவே ஒரு குதிரை எவ்வளவு வெல்கிறதோ அவ்வளவு அதன் முதுகில் பாரம் ஏறும்.

1930 ஆம் ஆண்டுப் போட்டிக்கு மூன்று நாட்களுக்கு முன்னர், நவம்பர் 1 சனிக்கிழமை காலை, பயிற்சி முடிந்து உட்காக்குடன் திரும்பிக்கொண்டிருந்த ஃபார் லாப்பை நோக்கி ஒரு காரிலிருந்து சுட்டனர். குண்டு படவில்லை. சுட்டவர்கள் பிடிபடவில்லை. கால்ஃபீல்டு கிண்ணத்தை அமவுனிஸ் என்ற குதிரையும் மெல்பேர்ண் கிண்ணத்தை ஃபார் லாப்பும் வெல்லும் எனப் பலர் இரட்டைப் பந்தயம் கட்டியிருந்தனர். அமவுனிஸ் ஏற்கெனவே வென்றுவிட்டதால், ஃபார் லாப்பும் வென்றால் பந்தயத் தரகர்கள் பெருந்தொகை இழக்க நேரிடும் என்பது இதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. அன்று பிற்பகலே ஃபார் லாப் மெல்பேர்ண் ஸ்டேக்ஸ் பந்தயத்தில் ஓடி வென்றது. பின்னர் கீலாங் நகருக்கு அருகிலுள்ள ஒரு பண்ணையில் மறைத்து வைக்கப்பட்டு, கிண்ணப் பந்தயத்தன்று நேராக மைதானத்துக்குக் கொண்டுவரப்பட்டது. ஜிம் பைக் ஓட்ட, 62.5 கிலோ எடையைச் சுமந்து கிண்ணத்தை வென்றது. அதே வாரத்தில் மேலும் இரண்டு பந்தயங்களை வென்றது. எட்டு நாட்களுக்குள் நான்கு வெற்றிகள்!

அடுத்த ஆண்டு கிண்ணத்துக்கு இதற்கு விதிக்கப்பட்ட எடை 68 கிலோ. ஃபார் லாப் எட்டாவதாக வந்தது. வென்ற வைட் நோஸ் என்ற குதிரை சுமந்தது 43.5 கிலோ மட்டுமே. இந்த வேறுபாட்டைக் கருதினால் இதனை ஓட்டத்தில் ஏற்பட்ட தோல்வி என்று சொல்வது கடினம்.

அமெரிக்கப் பயணம்

குத்தகைக் காலம் முடிந்தபோது டெல்ஃபோர்டு குதிரையின் கூட்டு உரிமையாளரானார். ஆஸ்திரேலியாவில் எடை ஏறிக்கொண்டே போனதால், டேவிஸ் குதிரையை வட அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்ல முடிவு செய்தார். டெல்ஃபோர்டு உடன் செல்லவில்லை. உட்காக் பயிற்சியாளராகச் சென்றார். மெக்சிக்கோவின் டிஹுவானா நகரில் 1932 மார்ச் 20 அன்று அகுவா கலியெண்டே ஹேண்டிகேப் பந்தயம் நடைபெற்றது. நீண்ட கடற்பயணம், பழக்கமில்லாத மண் ஓடுதளம், பயிற்சியின்போது பிளவுபட்ட குளம்பு ஆகிய எல்லாம் இருந்தும், பில்லி எலியட் ஓட்டிய ஃபார் லாப் பின்னாலிருந்து வந்து, அம்மைதானத்தின் சாதனை நேரத்தில் வென்றது. இதுவே அதன் கடைசிப் பந்தயம்.

மரணம்

பதினாறு நாட்களுக்குப் பின், ஏப்ரல் 5 அதிகாலை, சான் பிரான்சிஸ்கோவுக்கு அருகிலுள்ள மென்லோ பார்க்கில் குதிரை கடும் வலியுடனும் காய்ச்சலுடனும் இருப்பதை உட்காக் கண்டார். சில மணி நேரத்தில் உட்புற இரத்தப்போக்கால் அது இறந்தது. பிரேத பரிசோதனையில் இரைப்பையும் குடலும் கடுமையாக அழற்சியுற்றிருந்தன. சூதாட்டக் கும்பல் நஞ்சிட்டதாக ஆஸ்திரேலியாவில் பலர் நம்பினர். அருகிலிருந்த மரங்களுக்குத் தெளித்த பூச்சிக்கொல்லியே காரணம் என்றனர் வேறு சிலர். 1980களில், குடலைத் தாக்கும் பாக்டீரியா நோயாக இருக்கலாம் என்ற கருத்து முன்வைக்கப்பட்டது.

பாதுகாக்கப்பட்ட தோலின் பிடரிமயிர் சிலவற்றை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சின்க்ரோட்ரான் கதிர்களால் சோதித்தனர். மயிர் வளரும்போது உடலில் சேரும் பொருட்கள் அதில் பதிவாகும் என்பதே இம்முறையின் அடிப்படை. இறப்பதற்கு 30 முதல் 40 மணி நேரம் முன்னர் குதிரை பெருமளவு ஆர்சனிக்கை உட்கொண்டது என 2010 இல் வெளியான முடிவு கூறியது. எனினும் இது கொலை என்பதை நிறுவவில்லை. அக்காலத்தில் குதிரைகளுக்குக் கொடுக்கப்பட்ட ஊக்க மருந்துகளில் ஆர்சனிக் சாதாரணமாகச் சேர்க்கப்பட்டது. 2008 இல் மெல்பேர்ண் அருங்காட்சியகம் பெற்ற டெல்ஃபோர்டின் குறிப்பேட்டிலும் ஆர்சனிக், ஸ்ட்ரிக்னின் கலந்த மருந்துக் கலவைகள் காணப்படுகின்றன. அன்புடன் வளர்த்தவர்களே அளவு தவறிக் கொடுத்திருக்கவும் கூடும்.

எச்சங்கள்

பதப்படுத்திய தோல் மெல்பேர்ண் அருங்காட்சியகத்திலும், எலும்புக்கூடு வெலிங்டனின் தே பாப்பா அருங்காட்சியகத்திலும், இதயம் கான்பராவிலுள்ள ஆஸ்திரேலியத் தேசிய அருங்காட்சியகத்திலும் உள்ளன. இதயத்தின் எடை 6.2 கிலோ, சாதாரணக் குதிரையின் இதயம் ஏறத்தாழ 3.2 கிலோ இருக்கும். துணிவு மிக்கவரை ஃபார் லாப்பின் இதயம் கொண்டவர் என்று கூறும் வழக்கு ஆஸ்திரேலியாவில் உண்டு. 2010 இல் 150 ஆவது மெல்பேர்ண் கிண்ணத்தையொட்டி எலும்புக்கூடு மெல்பேர்ணுக்குக் கொண்டுவரப்பட்டுத் தோலுக்கு அருகில் வைக்கப்பட்டது. இதயம் பயணத்தைத் தாங்காது என்பதால் கான்பராவிலேயே விடப்பட்டது.

ஃபார் லாப்பின் வாழ்க்கை 1983 இல் ஆஸ்திரேலியாவில் திரைப்படமாக வெளிவந்தது. உட்காக் பின்னர் தாமே பயிற்சியாளராகி, 1977 மெல்பேர்ண் கிண்ணத்தில் தன் ரெக்லெஸ் என்ற குதிரையை இரண்டாம் இடம் பெறச் செய்தார்.