பேச்சுக்கு வழி திறந்த பேராசிரியர்

திருச்சியிலோ ஸ்ரீரங்கத்திலோ, நாற்புறமும் அடைத்த கல் மண்டபம் ஒன்றில் நின்று கை தட்டிப் பாருங்கள். கை ஓய்ந்த பிறகும் ஓசை ஓயாது. நாதஸ்வரத்துக்கு அது அழகு. பாடம் சொல்லும் வகுப்பறைக்கோ அது சத்துரு. இதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர் வாலஸ் கிளெமென்ட் சேபின்.

அமெரிக்காவின் ஓஹையோ மாகாணத்தில் 1868-ம் ஆண்டு ஜூன் 13-ந் தேதி பிறந்தார். 18-வது வயதில் பட்டம் பெற்றார். மேல் படிப்புக்குப் போன ஹார்வர்டு சர்வகலாசாலையிலேயே ஆசிரியரானார்.

புரியாத பேச்சு

1895-ல் அங்கே ஃபாக் கலைக்கூடம் திறக்கப்பட்டது. அதன் பிரசங்க மண்டபம் லட்சணமாக இருந்தது. ஆனால் பேசியது யாருக்கும் புரியவில்லை. ஒரு சொல்லின் முழக்கம் ஐந்தரை வினாடி வரை அடங்கவில்லை. அதற்குள் அடுத்தடுத்த சொற்கள் அதன்மேல் வந்து விழுந்தன. இதைச் சரி செய்யும் பொறுப்பு இளைஞர் சேபினிடம் வந்தது.

இரவு வேலை

ஊர் அடங்கியதும் வேலை தொடங்கும். சாண்டர்ஸ் அரங்கத்து இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து பரப்புவார். ஆர்கன் குழலை ஒலிக்க வைத்து நிறுத்தி, ஓசை மறைய எவ்வளவு நேரமாகிறது என்று அளப்பார். விடிவதற்குள் மெத்தைகள் பழைய இடத்துக்குப் போய்விட வேண்டும்!

தாம் உடுத்திய உடையே ஓசையைச் சிறிது உறிஞ்சுவதைக் கண்டதும், ஆயிரக்கணக்கான அளவுகளை ஒதுக்கித் தள்ளினார். அது முதல் ஆராய்ச்சிக்கு ஒரே உடைதான்.

1898-ல் விடை கிடைத்தது. அறை பெரிதானால் முழக்கம் நீளும். உறிஞ்சும் பொருள் கூடினால் குறையும். 1900-ல் திறந்த பாஸ்டன் சிம்பனி அரங்கம் அந்தக் கணக்கின்படி எழுந்தது. 1919 ஜனவரி 10-ந் தேதி, 50-வது வயதில் சேபின் காலமானார். ஓசை உறிஞ்சலை அளக்கும் அலகு அவர் பெயரையே தாங்கியிருக்கிறது.

குற்றம் யாருடையது?

காது மந்தமான குழந்தைக்குக் கருவி மாட்டினால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். கருவி ஆசிரியர் குரலோடு முழக்கத்தையும், மின்விசிறி இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. பாடம் புரியாத அந்தக் குழந்தைக்கு 'மக்கு' என்று பெயர் சூட்டிவிடுகிறோம். குற்றமோ வெறும் சுவரில் இருக்கிறது.

அமெரிக்காவில் 2002-ல் வகுத்த தரப்படி, சாதாரண அளவுள்ள வகுப்பறை காலியாக இருக்கும்போது முழக்கம் 0.6 வினாடியைத் தாண்டக் கூடாது. நம் சிமெண்டு அறைகளிலும் தடித்த திரைகளும், ஓசையை உறிஞ்சும் பலகைகளும் பெரிதும் உதவும். பள்ளிக்கூடம் கட்டுகிறவர்கள் காற்றையும் வெளிச்சத்தையும் பார்ப்பதுபோல் ஓசையையும் பார்த்தால், கடைசி பெஞ்சுக் குழந்தைக்கும் பாடம் எட்டும்.