லாரி பேக்கர்

லாரி பேக்கர் (மார்ச் 2, 1917 – ஏப்ரல் 1, 2007) இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து இந்தியக் குடியுரிமை பெற்ற கட்டிடக்கலைஞர் ஆவார். சிமெண்டைக் குறைத்து, பழைய பொருட்களை மீண்டும் பயன்படுத்தி, எளியோருக்கு ஏற்ற வீடுகளைக் கட்டியமைக்காக அறியப்படுகிறார்.

வாழ்க்கைக் குறிப்பு

இரண்டாம் உலகப்போரின்போது சீனாவில் மருத்துவத் தொண்டாற்றினார். நாடு திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்தபோது காந்தியைச் சந்தித்தார். வீட்டிற்கான பொருட்கள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பவையாக இருத்தல் வேண்டும் என்ற காந்தியின் கருத்து இவரது வாழ்நாள் கொள்கை ஆயிற்று. 1945 இல் இந்தியா வந்து தொழுநோயாளர் இல்லங்களுக்கான கட்டிடப் பணியில் ஈடுபட்டார். 1948 இல் மருத்துவர் எலிசபெத் ஜேக்கப்பை மணந்து இமயமலைப் பகுதியான பித்தோராகரில் வாழ்ந்தார். 1963 இல் கேரளத்தில் குடியேறினார்.

கட்டிட முறை

காங்கிரீட் கூரையின் அடிப்பகுதியில் ஏற்படும் இழுவிசையை இரும்புக் கம்பிகளே தாங்குகின்றன; அங்குள்ள காங்கிரீட்டின் பங்கு மிகச் சிறிது. எனவே பேக்கர் கம்பிகளுக்கு இடையே பழைய மங்களூர் ஓடுகளை அடுக்கி, அவற்றின் மேல் காங்கிரீட் இட்டார். இதனால் சிமெண்டும் கூரையின் எடையும் குறைந்தன. எடை குறைந்தமையால் கம்பியும் குறைவாகவே தேவைப்பட்டது. இடித்த கட்டிடங்களின் கதவு, சன்னல்களையும் இவர் பயன்படுத்தினார். வெற்றுக் கண்ணாடிப் புட்டிகளைச் சுவரில் பதித்து அறைக்குள் ஒளி வரச் செய்தார்.

திருவனந்தபுரத்தின் வளர்ச்சி ஆய்வு மையம் இவரது முக்கியப் படைப்பாகும். 1990 இல் பத்மசிறீ விருது பெற்றார்.