ஜூனியர் காலேஜில் தொடங்கிய ஜாக்கி ராபின்சன்... டிகிரி இல்லாமலே வரலாறு ஆன கதை!

ஆசைப்பட்ட யுனிவர்சிட்டியில் நேரடியா சீட் கிடைக்கலையா? வீட்டுப் பக்கத்து சின்ன காலேஜில் சேர்ந்துட்டு, 'நம்ம கதை அவ்ளோதான்'னு ஃபீல் பண்றீங்களா? அப்போ ஜாக்கி ராபின்சனை நீங்க தெரிஞ்சுக்கணும்.

1919-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், கெய்ரோ என்ற ஊரில் பிறந்தவர் ஜாக்கி. ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா குடும்பத்தைக் கைவிட்டுப் போக, அம்மா மேலி பிள்ளைகளோடு கலிஃபோர்னியாவின் பாசடீனாவுக்கு வந்துட்டார். வீட்டு வேலை செஞ்சுதான் ஐந்து பேரையும் வளர்த்தார். அந்த ஊர் நீச்சல் குளத்தில் கறுப்பினத்தவர்களுக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் அனுமதி. இப்படி ஒரு ஊர்ல வளர்ந்த பையன் அவர்.

அந்த இரண்டு வருடம்

1937-ல் பள்ளிப் படிப்பு முடிஞ்சதும் ஜாக்கி சேர்ந்தது பாசடீனா ஜூனியர் காலேஜ். இன்னைக்கு 'கம்யூனிட்டி காலேஜ்'னு சொல்றாங்களே, அதேதான். இரண்டு வருடப் படிப்பு. அப்போ அங்கே டியூஷன் ஃபீஸ் கிடையாது, வீட்டிலிருந்தே போய் வரலாம். முடிச்சதும் பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கலாம். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இதுதான் வழி.

ஆரம்பமே சறுக்கல். ஃபுட்பால் பயிற்சியில் கணுக்கால் உடைஞ்சு, ஆட்டங்களைத் தவறவிட்டார். ஆனா, திரும்பி வந்த வேகம் வேற லெவல். 1938 மே மாதத்தில் ஒரே நாளில் காலையில் நீளம் தாண்டுதலில் 25 அடி 6½ அங்குலம் தாண்டினார். அடுத்து வேறு ஊருக்குப் போய் பேஸ்பால் ஆடினார். அன்னைக்கு அவர் முறியடிச்சது யார் சாதனையைத் தெரியுமா? அதே காலேஜில் படிச்ச சொந்த அண்ணன் மேக்கின் சாதனையை!

மேக் சாதாரண ஆள் இல்லை. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஓட்டத்தில் ஜெஸ்ஸி ஓவன்ஸுக்கு அடுத்து வந்து வெள்ளி வாங்கியவர். ஆனா, சொந்த ஊர் அவருக்குக் கொடுத்த வேலை, தெருக்கூட்டுறது.

பெரிய கேம்பஸ்

அந்த இரண்டு வருட ஆட்டத்தைப் பார்த்துப் பல பல்கலைக்கழகங்கள் ஜாக்கியைக் கூப்பிட்டன. அவர் தேர்ந்தெடுத்தது வீட்டுக்குப் பக்கத்திலிருந்த யு.சி.எல்.ஏ. 1939-ல் அங்கே மாறினார். அதே வருடம், அவருக்கு மிக நெருக்கமான அண்ணன் ஃபிராங்க் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துபோனார். அந்த வலியோடுதான் மைதானத்தில் இறங்கினார். ஃபுட்பால், கூடைப்பந்து, தடகளம், பேஸ்பால்னு நான்கு விளையாட்டுகளிலும் அணியின் கௌரவச் சின்னம் வாங்கிய முதல் யு.சி.எல்.ஏ மாணவர் அவர்தான்.

இதில் ஒரு செம ட்விஸ்ட்... நான்கில் அவர் ரொம்ப சொதப்பியது பேஸ்பாலில். அந்த 1940 சீசனில் அவரது பேட்டிங் சராசரி வெறும் .097!

1941-ல், டிகிரிக்குச் சில மாதங்களே இருந்தப்போ, படிப்பை விட்டுட்டார். அம்மா வேண்டாம்னார். யு.சி.எல்.ஏ-வில் அறிமுகமான காதலி ரேச்சலும் தயங்கினார். கறுப்பின இளைஞனுக்குப் பட்டம் வேலை வாங்கித் தராதுன்னு ஜாக்கி நம்பினார். ஒலிம்பிக் பதக்கமே வாங்கித் தரலையே! அம்மாவின் சுமையைக் குறைக்க உடனே சம்பாதிக்கணும்னு கிளம்பிட்டார்.

ஏப்ரல் 15, 1947

அன்னைக்குத்தான் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக ஜாக்கி களமிறங்கினார். கறுப்பினத்தவர்களை ஒதுக்கிவெச்சிருந்த மேஜர் லீக் பேஸ்பாலின் நிறச்சுவர் உடைஞ்சது. வசவுகள், மிரட்டல்கள் எல்லாத்தையும் தாங்கிக்கிட்டு அந்த வருடத்தின் சிறந்த புதுமுகம் ஆனார். 1949-ல் லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர். ஆமாம், காலேஜில் சொதப்பிய அதே பேஸ்பாலில்தான்!

1972-ல், 53 வயதில் ஜாக்கி மறைந்தார். அடுத்த வருடமே மனைவி ரேச்சல் அவர் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். அது செய்யும் வேலை என்ன தெரியுமா? மாணவர்களுக்கு ஸ்காலர்ஷிப் கொடுத்துப் பட்டம் வாங்க வைப்பது. ஜாக்கி பாதியில் விட்டதை இன்னைக்கு அவர் பெயரால் பலர் முடிக்கிறாங்க.

அதனால பாஸ், சின்ன காலேஜ்னு கூச்சப்படாதீங்க. அங்கே இருக்கும் இரண்டு வருடத்தை எப்படிப் பயன்படுத்துறீங்க என்பதுதான் மேட்டர். முடிஞ்சா, அந்த டிகிரியையும் முடிச்சுடுங்க!