ரேந்தை கற்றுத் தந்த மால்ட் அம்மையார்

நமது பள்ளியில் ஏழாம் வகுப்பு மாணவியர் இவ்வாண்டு குரோஷா கற்கத் தொடங்கினர். கைவேலைப் புத்தகத்தில் உள்ள சிறு சிறு வேலைகள்தாம். முதலில் ஒரு புத்தகக் குறி, பிறகு தம்ளரை மூடும் வட்டத் துணி, அதன்பின் கைக்குட்டைக்குக் கரை. சங்கிலிப் பின்னலிலேயே பாதிப் பேருக்கு நூல் இறுகிவிடும், ஊசி நுழையாது. பிரிப்பதும் போடுவதுமாக ஒரு மாதம் போயிற்று. அந்நாட்களில் ஒரு நாள், சேலையூரிலிருந்து வரும் மாணவி ஒருத்தி, தன் பாட்டி செய்தது என்று ஒரு சிறு விரிப்பைக் கொண்டுவந்து காட்டினாள். பாட்டிக்குச் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். அது குரோஷா அன்று, ரேந்தை. லேஸுக்கு அப்பகுதியில் வழங்கும் பெயர் அது. போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்த சொல். இதை அந்த ஊருக்கு யார் கொண்டுவந்தார்கள் என்று மாணவியர் கேட்டனர். அவர்களுக்குச் சொன்னதையே இங்கு சற்று விரித்து எழுதுகிறேன்.

1819 டிசம்பரில் மால்ட் போதகரும் அவர் துணைவியார் மார்த்தா மால்ட் அம்மையாரும் நாகர்கோவில் வந்து சேர்ந்தனர். இருவரும் ஆங்கிலேயர், லண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்தவர்கள். நமது திருச்சபையினர் அல்லர் என்றாலும் பெண்பிள்ளைகள் படிக்கும் எந்தப் பள்ளியும் அந்த அம்மையாரை அறிந்திருக்க வேண்டும்.

நாகர்கோவில் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அங்கே அடிமை முறை வழக்கத்தில் இருந்த காலம் அது. மாட்டையும் நிலத்தையும் விற்பதுபோல மனிதரையும் விற்றார்கள், ஒற்றி வைத்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் தோளுக்கு மேல் துணி போடக்கூடாது. இப்படிப்பட்ட இடத்தில்தான் மீட் போதகரின் மனைவியாரும் மால்ட் அம்மையாரும் பெண்குழந்தைகளைச் சேர்த்து விடுதிப் பள்ளி நடத்த முற்பட்டனர். நாகர்கோவிலில் இன்றும் நடைபெறும் டதி பெண்கள் பள்ளி அந்த வழியில் வந்ததே. பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று ஊர் நினைத்த நாளில், சோறும் துணியும் கொடுத்துத்தான் பிள்ளைகளை அழைத்துவர வேண்டியிருந்தது. அதற்குப் பணம் வேண்டாமா?

1821-இல் அம்மையார் ரேந்தை வேலையைக் கற்பிக்கத் தொடங்கினார். நாம் செய்யும் குரோஷாவுக்கு ஒரு நூலும் ஒரு கொக்கி ஊசியும் போதும். ரேந்தை அப்படியன்று. மடிமேல் கெட்டியான ஒரு திண்டு, அதன்மேல் துளையிட்ட மாதிரித் தாள், துளைகளில் குண்டூசிகள். நூல் சுற்றிய மெல்லிய குச்சிகள் ஜோடி ஜோடியாகத் தொங்கும். எத்தனை குச்சி இருந்தாலும் கைக்குத் தெரிய வேண்டிய அசைவுகள் இரண்டுதான்: ஒன்றை ஒன்று தாண்டுவது, ஒன்றோடொன்று முறுக்குவது. இந்த இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்து, ஊசியால் நிறுத்தி நிறுத்திப் போனால் பூவும் இலையும் எழும்பும். இதிலும் குறுகிய கரையில்தான் பழக வேண்டும். எடுத்த எடுப்பில் மேசை விரிப்பு செய்ய ஆசைப்படும் நம் எட்டாம் வகுப்பினர் இதைக் கவனிக்கவும்!

ரேந்தையை வெள்ளைக்காரக் குடும்பங்கள் வாங்கின. அந்தப் பணம் பள்ளிக்கு உதவியது. பின்னிய பெண்ணுக்கும் கூலி கிடைத்தது. இங்கேதான் செய்தி இருக்கிறது. பள்ளியில் இருந்த பெண்களில் சிலர் அடிமைகள். அவர்கள் படித்தாலும் உடைமை வேறொருவருக்குத்தான். அவன் அழைத்தால் போக வேண்டும். அந்தப் பெண்கள் ரேந்தைக் கூலியைச் சேர்த்து வைத்து, உடையவனுக்குத் தம் விலையைக் கொடுத்துத் தம்மை மீட்டுக்கொண்டார்கள். தன்னைத் தானே வாங்கிக்கொள்வது என்றால் என்ன என்று நம் மாணவியருக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்கு ஒரு பாடவேளை முழுவதும் ஆயிற்று. ஒரு விரற்கடை அகலக் கரைக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று அவர்களுக்கு இப்போது தெரியும். ஆகவே வகுப்பில் சத்தமே இல்லை.

குரோஷாவுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1845 முதல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகி, பெரும் பஞ்சம் வந்தபோது, அங்குள்ள கன்னியர் மடங்களில் அருட்சகோதரிகள் ஏழைப் பெண்களுக்குக் குரோஷா கற்றுக்கொடுத்தனர். பல வீடுகளில் அதன் வருமானத்தில்தான் அடுப்பெரிந்தது. நாகர்கோவில் அதற்கு ஏறத்தாழ 25 ஆண்டு முந்தியது.

அம்மையாரின் மகள் எலைசா 1822-இல் நாகர்கோவிலில் பிறந்தவர். தமிழைக் குழந்தைப் பருவத்திலேயே பேசிப் பழகியவர். 1844-இல் அவரை மணந்தவர் வேறு யாருமல்லர், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்தாம். எலைசா அம்மையார் தம் தாயின் கைவேலையை நெல்லைச் சீமையில் உள்ள இடையன்குடிக்குக் கொண்டுபோய், அங்கும் பெண்களுக்குப் பள்ளி வைத்து ரேந்தை கற்பித்தார். ஒப்பிலக்கணத்தைப் பற்றி நம் தமிழ்ப் பாடங்களில் படிக்கிறோம். மாமியாரின் திண்டையும் குச்சிகளையும் பற்றி எங்கும் படிப்பதில்லை. இது எனக்குச் சற்று வருத்தமே.

மால்ட் தம்பதியர் ஏறத்தாழ 35 ஆண்டுகள் நாகர்கோவிலில் பணிபுரிந்தனர். 1855-இல் திருவிதாங்கூர் அரசு அடிமை முறையை ஒழித்து ஆணையிட்டது. மேலாடைக்காக நடந்த நெடும் போராட்டம் 1859-இல்தான் ஓர் அளவுக்கு முடிவுக்கு வந்தது. அரசாணை வரும்வரை காத்திராமல், குண்டூசிக்கும் நூலுக்கும் நடுவே தம் விடுதலையைச் செய்து முடித்த பெண்கள் அதற்குள் தாய்மாராகியிருந்தனர். அவர்கள் மடியிலிருந்து மகள் மடிக்கும், அங்கிருந்து பேத்தி மடிக்கும் போன திண்டுகளில் ஒன்றில் செய்ததோ என்னவோ, அந்தச் சேலையூர்ப் பிள்ளை கொண்டுவந்த விரிப்பு. பாட்டியிடம் குச்சிகள் இன்னும் இருக்கின்றனவாம். காலாண்டு விடுமுறையில் கேட்டு வாங்கிவருவதாகச் சொல்லியிருக்கிறாள்.