சிதம்பரம் போன மகராசன்

கடவுள் நம்மோடு பேசுகிறார் என்ற பேச்சு ஆலங்குடிப் பக்கத்துத் தேவாலயங்களில் ஞாயிறுதோறும் காதில் விழுவதுதான். பேசுவது கடவுளா, நம்முடைய ஆசையா, அல்லது பயமா என்று எப்படிக் கண்டுகொள்வது என்பதுதான் சிக்கல். 200 ஆண்டுகளுக்கு முன்னால் இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு தென்கோடியிலிருந்து சிதம்பரம் வரை நடந்தார் ஒரு தலித் மனிதர். குமரி மாவட்டத்தில் அவரைத் தெரியாத கிறிஸ்தவர்கள் குறைவு. நம் மாவட்டத்து மாணவர்கள் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். இத்தனைக்கும் அவர் வாழ்க்கை திசை மாறிய இடம் நமக்கு எட்டும் தூரத்தில் இருக்கிற தஞ்சாவூர்.

அவர் பெயர் மகராசன். ஊர் மயிலாடி. இன்று கல் சிற்பங்களுக்குப் பெயர்போன அந்த ஊர் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. சாம்பவர் குலத்தில் பிறந்தவர். பெயரில் ராஜா இருந்தாலும் பிறப்பு அவரைத் தெருவின் கடைசியில்தான் நிறுத்தியிருந்தது. கூலியில்லாத ஊழியம், தலைக்கு வரி, இன்னார் வரும்போது இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்ற கணக்கு, பெண்கள் மேலாடை அணியத் தடை. திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதிகளின் அன்றாட வாழ்வு அப்படித்தான் இருந்தது.

மகராசன் பக்திமான். கடவுளைக் கண்டுவிட வேண்டும் என்ற தவிப்பு அவருக்கு இருந்தது. 1799ஐ ஒட்டிய காலத்தில், மருமகன் சிவகுருநாதனைக் கூட்டிக்கொண்டு சிதம்பரத்துக்குப் புறப்பட்டார். அதே சிதம்பரத்துக்குப் போகத் துடித்த நந்தனார் கதையை நம் ஊரில் எல்லோரும் அறிவார்கள். நந்தனார் தீயில் இறங்கித்தான் உள்ளே போனார் என்கிறது புராணம். மகராசன் போனபோது தீயும் இல்லை, திறந்த கதவும் இல்லை. அங்கே கண்டது எதுவும் அவர் மனத்துக்கு ஒட்டவில்லை. அன்றிரவு கனவில் ஓர் உருவம் வந்து அவரைக் கண்டித்து, தெற்கே திரும்பிப் போகச் சொன்னதாக மயிலாடிச் சபையார் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

இந்த இடத்தில்தான் மகராசன் எனக்குப் பிடித்துப்போகிறார். கனவு கண்டவர்கள் நம்மில் ஏராளம். கண்ட மறுநாளே சாமியாராகி, பேர் வைத்து, உண்டியலும் வைத்தவர்களையும் பார்த்திருக்கிறோம். இவர் அப்படிச் செய்யவில்லை. கனவை மனத்தில் வைத்துக்கொண்டு பேசாமல் ஊருக்குத் திரும்பினார். வழியில் தஞ்சாவூரில் உறவினர் வீட்டில் தங்கினார்.

அப்போது தஞ்சையில் மிஷனரி சுவார்ட்ஸ் இறந்து அதிக நாள் ஆகவில்லை. அவர் காலமானது 1798இல். அவருடைய வளர்ப்பு மகன் போன்ற கோல்ஹாஃப் சபையை நடத்திவந்தார். மகராசன் அந்தத் தேவாலயத்தின் வாசலில் நின்று பிரசங்கத்தைக் கேட்டார். வாசலில் நிற்பது அவருக்குப் பழகியதுதான். கோல்ஹாஃப் அவரை உள்ளே அழைத்தார் என்று சொல்லப்படுகிறது. கனவில் வந்தது யாருடைய குரல் என்ற கேள்விக்கு அந்த அழைப்பில்தான் அவருக்கு விடை கிடைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். நம் மாவட்டத்தில் இறையூர் அய்யனார் கோயிலுக்குள் 2022 டிசம்பரில் மாவட்ட ஆட்சியர் கூட்டிப்போன பிறகே தலித் மக்களால் நுழைய முடிந்தது. ஒரு வாசலைத் தாண்டுவது எவ்வளவு பெரிய காரியம் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதற்காகத் தஞ்சைச் சபை சாதி இல்லாத சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், பறையர் கிறிஸ்தவர்கள் மறுபக்கம் என்று தனித்தனியே உட்கார்ந்த காலம் அது. 1833இல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று ஆணையிட்டபோது தஞ்சையில் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. மகராசன் கேட்ட குரலைவிட அது ஒலித்த கட்டடம் சிறியது.

அவர் போதனை பெற்று ஞானஸ்நானம் எடுத்து வேதமாணிக்கம் ஆனார். சிவகுருநாதன் மாசிலாமணி ஆனார். திரும்பும்போது கையில் தமிழ்ப் புத்தகங்கள் இருந்தன. தரங்கம்பாடியில் 1715இலேயே தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகியிருந்தது. வேதம் காதில் விழுவதே குற்றம் என்று ஒதுக்கப்பட்ட ஒருவர், தம் மொழியில் வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுத் திண்ணையில் நாலு பேருக்குச் சொன்னார் என்றால் ஊர் சும்மா இருக்குமா? உறவு விலகியது, மேல்சாதியார் மிரட்டினார்கள். கூட இருந்தவர்களில் சிலர் தளர்ந்துபோனார்கள். எல்லோரும் குடிபெயர்ந்து தஞ்சைக்கே போய்விடலாமா என்ற யோசனைகூட வந்தது. இதைக் கேட்க அவர் மறுபடியும் தஞ்சைக்கு நடந்தார். கடவுள் சொன்னார் என்று தனக்குத் தானே முடிவு செய்துகொள்ளாமல், இன்னொருவரிடம் போய்க் கேட்கிற வழக்கம் அவருக்கு இருந்தது.

அந்தப் பயணத்தின் பலனாக, தரங்கம்பாடியில் தமிழ் படித்துக்கொண்டிருந்த ரிங்கல்தௌபே என்ற பிரஷ்ய நாட்டு மிஷனரியின் தொடர்பு கிடைத்தது. 1806 ஏப்ரலில் அவர் ஆரல்வாய்மொழி வழியாக மயிலாடிக்கு வந்தார். வரலாற்றுப் புத்தகங்கள் பல ரிங்கல்தௌபேயிலிருந்தே தொடங்கும். அவரை வரவழைத்தவர் ஒரு சாம்பவர் என்பது இரண்டாம் பத்தியில் வரும்.

ஆலயம் கட்டத் திவான் வேலுத்தம்பி அனுமதி தரவில்லை. 1809இல்தான் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. பள்ளியும் தொடங்கியது. பின்னாளில் நாகர்கோவிலுக்கு மாறி ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது அந்தப் பள்ளியின் வித்துதான். ஆட்கள் வரத் தொடங்கியதும் வேறொரு தொல்லை. வரியிலிருந்தும் ஊழியத்திலிருந்தும் தப்பலாம் என்று எண்ணி வருகிறவர்களே அதிகம் என்று ரிங்கல்தௌபே குறைபட்டுக்கொண்டார். முதுகில் சுமை உள்ளவன் இறக்கி வைக்க இடம் தேடுவதில் என்ன தவறு என்று கேட்கத் தோன்றுகிறது. அந்தச் சுமை எப்படி இருக்கும் என்று வேதமாணிக்கத்துக்குத் தெரியும்; வெள்ளைக்காரருக்கு அது புத்தகச் செய்தி.

1816இல் உடல் நலிந்த ரிங்கல்தௌபே, சபைகளை வேதமாணிக்கத்தின் பொறுப்பில் விட்டுக் கப்பலேறினார். அப்புறம் அவர் என்ன ஆனார் என்பது இன்றுவரை தெளிவாகவில்லை. 1818இல் சார்லஸ் மீட் வந்து பொறுப்பேற்கும் வரை மயிலாடியையும் சுற்றூர்ச் சபைகளையும் நடத்தியவர் வேதமாணிக்கம்தான். வாசலுக்கு வெளியே நின்றவர் இப்போது பிரசங்க மேடையில் நின்றார். அந்த நாளில் திருவிதாங்கூரில் ஒரு தலித் வேறு எந்த மேடையிலும் நின்றிருக்க முடியாது.

1827இல் அவர் காலமானார். மயிலாடி ஆலயத்தின் பெயரில் இன்று ரிங்கல்தௌபே பெயரும் வேதமாணிக்கம் பெயரும் சேர்ந்தே இருக்கின்றன. கன்னியாகுமரிக்குச் சுற்றுலா போகிற மாணவர்கள் அந்தப் பெயர்ப்பலகையைப் போய்ப் பார்க்கலாம்.