விளக்கேற்றிய கை – கஞ்சிராக் கலைஞர் மான்பூண்டியா பிள்ளை

நுழையும்முன்

இசையரங்கில் பாடுவோருக்கு அருகே அமர்ந்து, கையகலத் தோற்கருவி ஒன்றால் அவையோரை வியப்பில் ஆழ்த்தும் கலைஞரைப் பலரும் கண்டிருப்பர். அக்கருவியின் பெயர் கஞ்சிரா. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பு அதற்குக் கச்சேரி மேடையில் இடமில்லை. அந்த இடத்தைப் பெற்றுத் தந்தவர், இசைக்குடும்பத்தின் பின்புலம் இல்லாத, விளக்கேற்றும் பணி செய்த ஓர் எளிய மனிதர். புதுக்கோட்டை தந்த அக்கலைஞரின் வாழ்வை எடுத்துரைக்கிறது இப்பாடம்.

கல்லில் நின்ற இசை

புதுக்கோட்டை மாவட்டம் கலைகளின் கருவூலம். சித்தன்னவாசல் குகைக்கோயிலின் தூண்களில் ஆடல்மகளிர் இன்றும் ஓவியமாய் நிற்கின்றனர். புதுக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள குடுமியான்மலையில், குடைவரைக் கோயிலை ஒட்டிய பாறையில் பழமையான இசைக்கல்வெட்டு ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. ஏழாம் நூற்றாண்டைச் சார்ந்ததாக அறிஞர்கள் கருதும் அக்கல்வெட்டு, ஏழு பண்முறைகளுக்குரிய சுர வரிசைகளைக் கிரந்த எழுத்தில் தருகிறது. இசையைக் கல்லில் எழுதிவைக்கலாம் என எண்ணிய முன்னோரின் துணிவு பெரிது. ஆயினும், அச்சுரங்களை அக்காலத்தவர் எவ்வாறு பாடினர், எவ்வாறு யாழில் மீட்டினர் என்பதில் அறிஞரிடையே இன்றும் ஒத்த கருத்து இல்லை. எழுத்து நின்றது, அதனைப் பாடிக் காட்டிய ஆசிரிய மாணவர் தொடர்ச்சி நிற்கவில்லை.

இதே மண்ணில்தான், கல்லிலோ ஏட்டிலோ அன்றிக் கைவிரல்களின் வழியே ஒரு கலை மரபு பிற்காலத்தில் தோன்றி, இன்றளவும் உயிரோடு தொடர்கிறது. அம்மரபின் தொடக்கத்தில் நிற்பவர் மான்பூண்டியா பிள்ளை.

விளக்கும் தவிலும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புதுக்கோட்டை, தொண்டைமான் மன்னர்களின் ஆட்சியில் தனி அரசாக விளங்கியது. 1878ஆம் ஆண்டு நிருவாகப் பொறுப்பேற்ற சேசையா சாஸ்திரியாரின் முயற்சியால் நகரம் புதுக்கோலம் பூண்டது. அரசர்கள் இசைவாணரை ஆதரித்தனர். திருக்கோகர்ணம் பிரகதாம்பாள் கோயில் முதலிய திருத்தலங்களில் நாகசுரமும் தவிலும் முழங்கின. மின்விளக்கு வராத அக்காலத்தில், மாலையானதும் எண்ணெய் விளக்குகளை ஏற்றிவைப்பது நாள்தோறும் நடைபெற வேண்டிய பணியாக இருந்தது. அப்பணியைச் செய்தவர்களுள் ஒருவரே மான்பூண்டியா பிள்ளை. மாமூண்டியா பிள்ளை என்றும் அவரை அழைப்பர்.

அந்நாளில் இசைக்கலை பெரும்பாலும் குடும்பவழியாகவே கற்பிக்கப்பட்டது. தந்தை வாசிக்கத் தனயன் கேட்பான். நடக்கப் பழகும் பருவத்திலேயே தாளம் போடப் பழகுவான். மான்பூண்டியா பிள்ளைக்கு அத்தகைய வாய்ப்பு அமையவில்லை. அவருக்கு வாய்த்தவை கூரிய செவியும், கேட்டதைக் கணக்கிட்டுப் பார்க்கும் மனமுமே ஆகும். தவிலின் முழக்கம் அவரை ஈர்த்தது. எத்தனை சுற்றுகள் சென்றாலும், எத்தனை சிக்கலான சொற்கட்டுகளை அடுக்கினாலும், இறுதியில் கலைஞர் வந்து நிற்கும் இடம் ஒன்றாகவே இருப்பதன் நுட்பம் அவரை ஆட்கொண்டது.

அக்காலத்தில் தவில் வாசிப்பில் தேர்ந்திருந்த மாரியப்பா என்பவரை அடைந்து மாணவரானார். ஆசிரியர் குலமுறையைப் பாராமல் ஆர்வத்தைப் பார்த்து ஏற்றுக்கொண்டார். பயிற்சி, தோலைத் தட்டுவதில் தொடங்கவில்லை, சொல்லில் தொடங்கியது. தகிட, தகதிமி, தகதகிட என்னும் சொற்கட்டுகளை வாயால் சொல்லி, கையால் தாளமிட்டுப் பழகுவதே தாளக்கல்வியின் முதற்படி. மான்பூண்டியா பிள்ளை அப்படியில் நெடுங்காலம் நின்று பயின்றார். கணக்கு அவருக்குத் தன்மொழி போலாயிற்று.

கருவி உருவான கதை

கல்வி கைவந்தது, கருவி எது என்னும் வினா எழுந்தது. தவில் கோயிலுக்கும் மங்கல நிகழ்ச்சிகளுக்கும் உரியது. கச்சேரி மேடையில் மிருதங்கம் நிலைபெற்றிருந்தது. வட்டச் சட்டத்தின் ஒருபுறம் மட்டும் தோல் போர்த்த சிறு பறைகள் நாட்டார் ஆடல்பாடல்களிலும் பஜனைக் கூட்டங்களிலும் வழங்கி வந்தன. அவற்றைக் கச்சேரிக்குரிய கருவியாக எவரும் எண்ணவில்லை. எளியோர் கையிலிருந்த அவ்வகைக் கருவியையே மான்பூண்டியா பிள்ளை தெரிந்தெடுத்தார். அதனைச் செப்பம் செய்து, கச்சேரிக்கு ஏற்ற கஞ்சிராவாக வடிவமைத்தவர் என்று இசை வரலாறு அவரைப் போற்றுகிறது.

கஞ்சிராவின் சட்டம் பலாமரத்தால் ஆனது. ஏழு முதல் ஒன்பது அங்குல அகலமுள்ள அவ்வட்டத்தின் ஒருபுறம் உடும்புத்தோல் போர்த்தப்படும், மறுபுறம் திறந்திருக்கும். சட்டத்தில் வெட்டிய சிறு துளையில் உலோக வில்லைகள் கோக்கப்பட்டிருக்கும். வாசிக்கும்முன் தோலின் உட்புறம் சிறிது நீர் தெளிப்பர். தோல் தளர்ந்து ஒலி தாழும். இடக்கை கருவியைத் தாங்கும். அக்கையின் விரல்கள் தோலை அழுத்தியும் தளர்த்தியும் ஒலியை ஏற்றி இறக்கும். வலக்கை மட்டுமே வாசிக்கும். மிருதங்கத்தில் இரு கைகளும் இரு முகங்களில் பகிர்ந்து செய்யும் வேலையைக் கஞ்சிராவில் ஒரு கையே ஒரு முகத்தில் செய்து முடிக்க வேண்டும். தவிலின் விரைவையும் மிருதங்கத்தின் நயத்தையும் அச்சிறு வட்டத்திற்குள் அடக்கியதே மான்பூண்டியா பிள்ளையின் அருஞ்செயல்.

(காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972இன்படி உடும்பு இன்று பாதுகாக்கப்படும் உயிரினம் ஆகும். ஆதலால் கஞ்சிராவிற்கு மாற்றுத் தோல்களும் செயற்கைத் தோல்களும் பயன்படுத்தப்படுகின்றன.)

தெரிந்து தெளிவோம் – தாளத்தின் கணக்கு

ஆதிதாளத்தின் ஒரு சுற்றில் எட்டு எண்ணிக்கைகள் உள்ளன. ஓர் எண்ணிக்கையை நான்கு சிற்றளவுகளாகப் பகுத்தால் ஒரு சுற்றுக்கு 32 அளவுகள் கிடைக்கும். பத்து அளவுள்ள ஒரு சொற்கட்டை மூன்று முறை வாசித்து, இடையில் இருமுறை ஓர் அளவு நிறுத்தினால் 10+1+10+1+10 = 32 ஆகும். வாசிப்பு தாளத்தின் தொடக்கத்தில் வந்து பொருந்தும். தாளக் கலைஞர்கள் இத்தகைய கணக்குகளைத் தாளில் எழுதிப் பார்ப்பதில்லை. வாசிக்கும் பொழுதிலேயே மனத்தில் வகுத்துக்கொள்கின்றனர்.

தஞ்சையில் கிடைத்த இடம்

புதிய கருவி ஒன்றைப் படைப்பது ஒரு கலைஞரால் இயலும். அதனை ஏற்பது அவையோரின் கையில் உள்ளது. இசையுலகில் தஞ்சாவூரின் ஒப்புதல் பெரிதாக மதிக்கப்பட்ட காலம் அது. அங்கே மிருதங்க வாசிப்பில் தலைசிறந்து விளங்கியவர் நாராயணசாமி அப்பா. மராத்தியக் குடியில் தோன்றியவர். பஜனை மரபில் தோய்ந்தவர். கஞ்சிராவைக் கையிலேந்தி அவர்முன் சென்றார் மான்பூண்டியா பிள்ளை.

மிருதங்கம் ஒலிக்கும் மேடையில் இன்னொரு தோற்கருவி எதற்கு என்று அவர் கேட்டிருந்தால், கஞ்சிராவின் வரலாறு அன்றே முடிந்திருக்கக்கூடும். பெயரும் குலமும் அறியப்படாத ஒருவரின் திறம், தம் திறத்திற்குப் போட்டியாகும் என அவர் அஞ்சியிருக்கவும் கூடும். நாராயணசாமி அப்பா அவ்வாறு செய்யவில்லை. மான்பூண்டியா பிள்ளையின் வாசிப்பைக் கேட்டு மகிழ்ந்தார்; தம்முடன் இணைந்து வாசிக்கச் செய்தார்; புதிய கலைஞரை ஊக்குவித்து, இசையுலகிற்கு அறிமுகப்படுத்தினார் என்பது இசையுலகம் வழிவழியாகப் போற்றிவரும் செய்தி. இரு கருவிகளும் ஒன்றையொன்று மறைக்காமல், ஒன்று கேட்க மற்றொன்று விடை கூறும் வாசிப்பு முறைக்கு வழி பிறந்தது. படைத்தவரின் ஆற்றலைப் போலவே ஏற்றவரின் பெருந்தன்மையும் ஒரு கலையின் வாழ்வுக்கு இன்றியமையாதது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

அதன்பின் கஞ்சிரா பக்க வாத்தியங்களுள் ஒன்றாகக் கச்சேரி மேடையில் நிலைபெற்றது. விளக்கேற்றும் பணியில் தொடங்கியவர் பெரும் வித்துவான்களுடன் சரிநிகராக அமர்ந்து வாசித்தார். அவரால் புதுக்கோட்டையின் பெயரும் தாளக்கலையோடு பிரிக்க முடியாதபடி இணைந்தது.

புதுக்கோட்டை வழி

மிருதங்க வாசிப்பில் தஞ்சாவூர் வழி, புதுக்கோட்டை வழி என இரண்டு வழிகளைக் கூறுவர். பாட்டின் போக்கைத் தழுவிச் செல்லும் மென்மை முன்னதன் சிறப்பு. தவில் மரபிலிருந்து வந்த உறுதியான சொற்கட்டுகளும் நுட்பமான கணக்குகளும் பின்னதன் சிறப்பு. புதுக்கோட்டை வழி மான்பூண்டியா பிள்ளையிடமிருந்து கிளைத்தது.

அவருடைய மாணவர்களுள் முதன்மையானவர் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை (1875–1936). மிருதங்கம், கஞ்சிரா ஆகிய இரண்டிலும் ஒப்பற்றவராக விளங்கிய அவர், காஞ்சிபுரம் நயினாப் பிள்ளையின் புகழ்பெற்ற கச்சேரிகளில் கஞ்சிரா வாசித்தார். பல தாளக்கருவிகள் ஒருங்கே முழங்கிய அம்மேடைகளில், ஆசிரியர் தந்த சிறு கருவி தனித்து ஒலித்தது.

மற்றொரு மாணவர் பழனி முத்தையா பிள்ளை. அவருடைய மகன் பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962), தந்தையிடமும் தட்சிணாமூர்த்தி பிள்ளையிடமும் கற்றார். அவர் இடக்கைப் பழக்கம் உடையவர். மேடையில் மிருதங்கக் கலைஞருக்கும் வயலின் கலைஞருக்கும் உரிய இடங்கள் முன்பே வரையறுக்கப்பட்டிருந்தன. இடக்கைக் கலைஞருக்காக அவ்விடங்களை மாற்ற நேர்ந்ததால் அவருக்கு வாய்ப்புகள் குறைந்தன. அந்நிலையில் செம்பை வைத்தியநாத பாகவதர் அவருக்கு உறுதுணையாக நின்று மேடையேற்றினார். ஆசிரியரின் ஆசிரியர் தஞ்சையில் பெற்ற பெருந்தன்மையை, அம்மரபின் அடுத்த தலைமுறையும் பெற்றது. பின்னாளில் பழனி சுப்பிரமணிய பிள்ளை மிருதங்கத்தின் மும்மூர்த்திகளுள் ஒருவராகப் போற்றப்பட்டார்.

கஞ்சிரா தமிழகத்தோடு நிற்கவில்லை. ஜி. அரிசங்கர் (1958–2002) அதன் வாசிப்பைப் புதிய உயரத்திற்குக் கொண்டு சென்றார். அவரிடம் பயின்ற வி. செல்வகணேஷ் இடம்பெற்ற சக்தி இசைக்குழு 2024ஆம் ஆண்டு கிராமி விருதைப் பெற்றது. புதுக்கோட்டையில் வடிவம் கொண்ட கருவியின் ஒலி உலக மேடைகளில் கேட்கிறது.

நிலைத்தது எது?

1910ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் அருங்காட்சியகம் நிறுவப்பட்டது. தமிழ்நாட்டில் சென்னை அருங்காட்சியகத்திற்கு அடுத்துத் தோன்றிய பழமையுடையது அது. இன்று திருக்கோகர்ணத்தில் அமைந்துள்ள அவ்வருங்காட்சியகத்தில் சிற்பங்களும் நாணயங்களும் பிற அரும்பொருள்களும் பேணப்படுகின்றன. அவற்றைப் பேணுவது நம் கடமை. எனினும், கலையின் எல்லாக் கூறுகளையும் பேழைக்குள் வைத்துக் காக்க இயலாது. கருவியைக் காட்சிக்கு வைக்கலாம். அதன் மேல் விரல் விழும் கால அளவை வைக்க முடியாது. அது ஆசிரியரின் கையிலிருந்து மாணவரின் கைக்கு மட்டுமே செல்லும்.

குடுமியான்மலைப் பாறையில் சுரங்கள் அழியாமல் உள்ளன. அவற்றின் பாடுமுறை மறைந்தது. மான்பூண்டியா பிள்ளையின் வாசிப்பைத் தாங்கிய கல் ஏதுமில்லை. அவர் வகுத்த வாசிப்பு முறை மறையவில்லை. காரணம், அவர் கற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல் மாணவர்க்கு வழங்கினார். மாணவர் தம் மாணவர்க்கு வழங்கினர். குலத்தால் கிடைக்காத கலையை உழைப்பால் பெற்றவர், அதனைத் தம் குலத்திற்கு மட்டும் உரியதாக்கவில்லை.

ஒரு விளக்கின் சுடரால் மற்றொரு விளக்கை ஏற்றினால் முதல் விளக்கின் ஒளி குறைவதில்லை. அந்த உண்மையை நாள்தோறும் தம் பணியில் கண்டவர் மான்பூண்டியா பிள்ளை. கலையிலும் அவர் அதனையே செய்தார்.