ஜான் பேக்கஸ்

ஜான் வார்னர் பேக்கஸ் (டிசம்பர் 3, 1924 – மார்ச் 17, 2007) ஓர் அமெரிக்கக் கணினி அறிவியலாளர் ஆவார். பிலடெல்பியாவில் பிறந்த இவர், 1950ஆம் ஆண்டு ஐபிஎம் நிறுவனத்தில் இணைந்தார். இவரது தலைமையிலான குழு உருவாக்கிய போர்ட்ரான் நிரல்மொழி 1957இல் வெளியானது.

சார்புமுறை நிரலாக்கம்

1977ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதை ஏற்று ஆற்றிய உரையில், போர்ட்ரான் உள்ளிட்ட வழக்கமான நிரல்மொழிகளையே பேக்கஸ் கடுமையாக விமர்சித்தார். நினைவக மதிப்புகளை ஒவ்வொன்றாக மாற்றும் வான் நியூமன் கணினியின் போக்கிலேயே அவை நிரலாளரின் சிந்தனையையும் கட்டிப்போடுகின்றன என்பது அவரது வாதமாகும். மாற்றாக, சிறு சார்புகளை இணைத்துப் பெரிய சார்புகளை அமைக்கும் எஃப்பி மொழியை முன்வைத்தார். எடுத்துக்காட்டாக, இரு திசையன்களின் உட்பெருக்கத்தை மாறியோ மடக்கோ இன்றி, இணையாக்கல், பெருக்கல், கூட்டல் ஆகியவற்றின் தொகுப்பாக எழுதிக் காட்டினார்.

எஃப்பி பரவலாகவில்லை. எனினும், அவ்வுரை சார்புமுறை நிரலாக்க ஆய்வுகளுக்குப் பெரும் ஊக்கமளித்தது. 1991இல் ஓய்வு பெற்ற பேக்கஸ், ஓரிகன் மாநிலத்திலுள்ள ஆஷ்லாந்தில் காலமானார்.